வெறுந்தண்ணீரில் ஒரு கோடு

வெறுந்தண்ணீரில் ஒரு கோடு விழுந்திருந்தது.

நவரட்ணராஜா நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நுணுக்குக்காட்டியின் வில்லையையும் துடைத்தார். துடைத்த துணி சுத்தந்தானா என்று அதையும் யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். கோடு அங்கேயே இருந்தது. நீலச் சாயம் பிடித்த, புகையை நூலாகத் திரித்தது போன்ற ஒரு கோடு.

விழக்கூடாது. தினமும் காலையில், நோயாளிகளின் இரத்தத்தைத் தொடுமுன், காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் கருவியில் விட்டு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். அதில் ஒன்றும் விழாவிட்டால் கருவி சுத்தம், கை சுத்தம், அன்றைய நாளே சுத்தம். அரசாங்க உத்தியோகத்தை விட்டு வந்து, கெட்டம்பே தெருவில் தன் வீட்டு மேல்மாடி அறையை இரத்தப் பரிசோதனைக்கூடமாக மாற்றிய இந்த ஆறு வருடத்தில் ஒரு நாளும் ஒன்றும் விழுந்ததில்லை.

விழ விட்டால்தானே? அவருடைய சுத்தத்தைப் பற்றிக் கண்டியில் சொல்லாத கதை இல்லை. ஒரு கண்ணாடித் தகட்டை ஏழு தரம் கழுவுவார். ஏழு தரம் கை பட்டதால் அழுக்காகியிருக்கும் என்று எட்டாவது தரமும் கழுவுவார். வங்கி மனேஜர் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அவர் உட்காருமுன் கதிரையைத் துடைத்தார், எழும்பியபின்னும் துடைத்தார். மனைவி கமலாசனி கண்ணால் மறித்திராவிட்டால் இடையில் மனேஜரையும் துடைத்திருப்பார். மழை பெய்தால் மழைத்துளிகளைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கிற மனிதர்.

"டொரதி!"

உதவிக்கு நிற்கும் டொரதி பக்கத்து அறையிலிருந்து வந்தாள். கம்பளைக்காரி, நாற்பது வயது. நாட்டு நிலைமையில் பஸ்ஸை நம்ப முடியாதென்று சில மாதமாக வீட்டின் பின்னறையிலேயே தங்கியிருந்தாள்.

"இதை நீர் தொட்டனீரோ?"

"மாதா சத்தியமா தொடலைங்க ஐயா. நீங்க கழுவுற கழுவுக்குக் கிருமியெல்லாம் ஞானஸ்நானம் வாங்கிட்டுப் போயிடுது. நான் தொட்டு என்ன ஆகப்போகுது?"

"பகிடி வேண்டாம். வந்து பாரும்."

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "கோடு மாதிரித்தான் இருக்குங்க."

"கோடு மாதிரி இல்லை. கோடு."

கருவி என்றால் பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் தலைமயிர் அளவு ஒரு வாய்க்கால். தூண்டில் நைலோனை இடையில் வைத்துப் பிசினால் ஒட்டி, பிசின் இறுகியதும் நைலோனை உருவியெடுத்து அவரே செய்தது. வாய்க்காலின் ஒரு முனை புளிப்பு, மறுமுனை காரம். இடையில் படிப்படியாக ஒன்று மற்றதாக மாறும். இரு முனையிலும் பிளாட்டினக் கம்பி. கம்பிகளுக்கு மின்சாரம் கொடுப்பது, நாலைந்து பழைய வானொலிப் பெட்டிகளின் குடலை உருவி அவர் கோர்த்த ஒரு மின்பெட்டி. அதன் குமிழைத் திருப்பினால், திரவத்தில் சிதறிக் கிடக்கும் புரதங்கள் ஒவ்வொன்றும் நகரத் தொடங்கும். நகர்ந்து நகர்ந்து, தன்னிடமுள்ள மின்னேற்றம் சரிக்குச் சரி கழிந்துபோகும் இடம் வந்ததும் ஒவ்வொன்றும் நின்றுவிடும். கொஞ்சம் விலகினாலும் மின்புலம் பிடித்திழுத்து அதே இடத்தில் நிறுத்தும். எங்கும் கரைந்து கிடந்தது இப்படிச் சேர்ந்து சேர்ந்து ஒரு கோடாகும். மின்சாரம் இருக்கும்வரை கோடு இருக்கும். நிறுத்தினால் மெல்லக் கரைந்து பழையபடி எங்கும் பரவிப்போகும்.

ஒரு துளி இரத்தம் போதும், அரை மணித்தியாலம் போதும். ஈரல் நோவா, சிறுநீரக நோவா என்று கோடுகளைப் பார்த்தே சொல்லிவிடுவார். தெல்தோட்டையிலிருந்துகூட டாக்டர்மார் இரத்தம் அனுப்பினார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான மாதிரிச் சீரம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து சேருவதற்குள் கெட்டுவிடும். அதனால் அவர் தன் இரத்தத்தையே மாதிரியாக வைத்திருந்தார். அதில் ஒரு விசேஷம். உலகத்து மனிதருக்கெல்லாம் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் ஒரே கோடாக விழும். நவரட்ணராஜாவுக்கு இரண்டு கோடு. வியாதியல்ல; இலட்சத்தில் ஒருவருக்கு வரும் பரம்பரைக் குணம். மகன் தயாபரனுக்கும் அதுவே, ஆனால் அவனுக்கு இரண்டாவது கோடு முதலாவதைவிட மெலிந்திருக்கும். அப்பனுக்கு இதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பெண்கேட்டு வருபவர்களுக்குச் சாதகத்தை எடுக்குமுன் மகனுடைய இரட்டைக் கோட்டுப் படத்தை எடுத்து நீட்டக்கூடிய ஆள் அவர்.

அந்தத் தயாபரன் வீட்டைவிட்டுப் போய் அன்றைக்கு நாற்பத்தோராவது நாள்.

*

எண்பத்தொன்பதாம் ஆண்டு. பின்னேரம் நாலு மணிக்கு மண்ணெண்ணெய் வாங்கி வருகிறேன் என்று போனவன். கானைக் கையில் எடுத்துக்கொண்டு கேற்றைச் சாத்திவிட்டுப் போனதைக் கமலாசனி பார்த்தாள். பிடித்தது சீருடையா, சீருடை இல்லாததா என்று கேட்கக்கூட முடியாத காலம். படையும் கிளர்ச்சிக்காரரும், இரண்டு தரப்பும் பிள்ளைகளைக் கொண்டுபோயின. கொண்டுபோனவற்றில் சிலவற்றை மகாவலி ஆறு திருப்பிக் கொண்டுவந்தது. ஊரில் எவரும் ஆற்று மீன் வாங்குவதில்லை. மீன்காரன் இது திருகோணமலை மீன் என்று சத்தியம் செய்து, மீனின் வாயைத் திறந்து கடல் உப்பை நக்கிப் பார்க்கச் சொல்லி, அப்படியும் விற்க முடியாமல் திரும்பிப் போனான்.

"இஞ்சருங்கோ." கமலாசனி சோற்றைப் போட்டுவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தாள். "லோரன்ஸ் மாஸ்டர் தன்ரை மகனைத் தேடி இண்டைக்கும் ஆத்தங்கரைக்குப் போனவராம். ஒரு முகம் விடாமல் திருப்பிப் பாத்தவராம். நீங்களும் ஒருக்காப் போனால் என்ன?"

"அவன் கொழும்பிலை நிக்கிறான்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன். கம்பஸ் பூட்டியிருக்கு, கூட்டாளியளோடை போயிருப்பான்."

"மண்ணெண்ணெய்க் கானோடையோ?"

அவர் குழம்பை இரண்டாம் தரம் விட்டுக்கொண்டார். கமலாசனியின் குழம்புக்கு மறுகரை ரயிலில் போகிறவனும் தும்முவான் என்பார்கள். நாற்பது நாளாக அதில் உறைப்புமில்லை, உப்புமில்லை.

"எனக்கு அவன் வீட்டை வரவேணும்," என்றாள் அவள். "உயிரோடையெண்டாலும் சரி. இல்லையெண்டாலும் சரி. எப்பிடியெண்டாலும் வீட்டை வரட்டும்."

"விசர்க்கதை கதைக்காதையும்."

அவருக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது: தெரியாமல் இருப்பது. கரைக்குப் போய் ஒரு முகத்தைத் திருப்பாதவரை மகன் கொழும்பில் இருந்தான். தேத்தண்ணி குடித்துக்கொண்டு, அப்பருக்கு ஒரு கடிதம் போடச் சோம்பல்பட்டுக்கொண்டு.

*

செவ்வாய்க்கிழமை கோடு இரண்டாகியிருந்தது.

இரட்டைக் கோடு என்றதும் நவரட்ணராஜாவுக்கு ஆறுதலில் சிரிப்பே வந்துவிட்டது. வேறென்ன, தன்னுடைய வியர்வைதான்! தானேதான் அசுத்தம்! வாழ்நாள் முழுக்க ஊரைக் குற்றம்சாட்டியவருக்கு அகப்பட்ட கள்வன் தன் உள்ளங்கை. இறப்பர் கையுறை போட்டார். வாயைத் துணியால் கட்டினார். மூச்சும் படக்கூடாதென்று முகத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீர் விட்டதில் பாதி சப்பாத்தில் விழுந்தது. மின்சாரம் கொடுத்தார். மின்பெட்டி தொண்டையைச் செருமிவிட்டு, தன் வழக்கமான வண்டு ரீங்காரத்தைத் தொடங்கியது.

அரை மணித்தியாலத்தில் இரண்டு கோடும் வந்தன.

"டொரதி, நான் கீழை போறன். நீர் செய்யும். போத்தலைக் கழுவிறதிலையிருந்து எல்லாம் நீர்தான். முடிஞ்சாப்பிறகு கூப்பிடும்."

அவர் கேற்றடியில், வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில், இரத்தம் கொடுக்க வந்தவர் மாதிரி நின்றார். தெருவுக்கு அப்பால் மூங்கில் புதர். அதற்கப்பால் ஆறு, ஐப்பசி மழையில் தேயிலைச் சாயம் போல் கலங்கி, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீர் அவ்வளவு சத்தமில்லாமல் போவது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

டொரதி மேலே யன்னலில் தெரிந்தாள். கூப்பிடவில்லை. கையைக் காட்டினாள்.

அவர் மேலே போனபோது அவள் நுணுக்குக்காட்டியைவிட்டு விலகிச் சுவரோடு நின்றாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க."

"என்ன?"

"இது உங்க கோடு இல்லைங்க. உங்களோடது ரெண்டும் ஒரே தடிப்பு, தினம் பாக்குறேனே. இதுல ரெண்டாவது மெலிசா இருக்கு." அவள் படங்கள் இருந்த அலுமாரியைப் பார்த்தாள். "இது நம்ம தம்பியோடதுங்க."

"வாயை மூடும்!"

அவர் குனிந்து பார்த்தார். அலுமாரியைத் திறந்து பழைய படத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். பார்த்தார். படம். வில்லை. படம். வில்லை. அவர் உத்தியோகத்திலிருந்த காலத்தில், தயாபரனுடைய பத்தாவது பிறந்தநாளன்று, அழ அழ விரலில் குத்தி எடுத்த ஒரு துளியில் விழுந்த அதே இரண்டு கோடுகள். அதே இடைவெளி. அதே மெலிவு.

மாலையில் மழை பிடித்தது. ஒரு கோப்பையை யன்னலுக்கு வெளியே நீட்டி மழைத்தண்ணீரைப் பிடித்தார். வடித்தார். கருவியில் விட்டு ஓட்டினார். ஒன்றும் விழவில்லை. வாய்க்கால் பளிங்கு மாதிரி வெறுமையாக இருந்தது. அப்படியானால் கையில் பிழையில்லை, கண்ணாடியில் பிழையில்லை, காற்றிலும் இல்லை. மறுபடி குழாயைத் திறந்து பிடித்தார். ஒரு தரம் வடித்தார், இரண்டு தரம் வடித்தார், மூன்று தரம் வடித்தார். வடித்த தண்ணீரில் புரதம் வராது, ஆவியில் ஏறாது, அது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட சங்கதி.

கோடுகள் வந்தன. முன்னையதைவிடக் கறுப்பாக.

நகரத்துக் குழாய்களில் வருவது ஆற்றுத் தண்ணீர்.

அந்தத் தண்ணீரில்தான் காலையில் முகம் கழுவினார் என்பது நினைவுக்கு வந்தது. அதில்தான் சோறு கொதித்தது. அதைத்தான் இப்போது, மேசையில், மூடி போட்ட கிளாசில், வழக்கம்போல் குடிக்க வைத்திருந்தார். அவர் கிளாசைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஊற்றவும் மனமில்லை, குடிக்கவும் முடியவில்லை. கடைசியில் இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் தூக்கி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

மின்பெட்டியை நிறுத்திவிட்டு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தார். கோடுகளின் ஓரம் முதலில் மங்கியது. பிறகு நடு. பஞ்சு பிரிவது போல் நீலம் விரிந்து, வெளிறி, பரவி, எங்கே இருந்தது என்று சொல்ல முடியாமல் போயிற்று. கேற்றைச் சாத்திவிட்டுப் போனவன் மாதிரி. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கை தானாகக் குமிழைத் தேடித் திருப்பியது.

அதன்பிறகு அவர் அதை நிறுத்தவேயில்லை.

*

புதன்கிழமை காலை டொரதி பையோடு படியடியில் நின்றாள்.

"நான் கம்பளைக்குப் போறேன்ங்க ஐயா. நாளைக்கி ஊரடங்குன்னு சொல்றாங்க. அதுக்குள்ள போய்ச் சேந்துடுறேன்."

"போயிட்டு எப்ப வருவீர்?"

அவள் மேல்மாடியைப் பார்த்தாள். "அங்கே ரீங்காரம் கேக்குதுங்களே, அத நிப்பாட்டுங்க. நான் காலைல கூட்டுறப்போ பாத்தேன். தம்பியோட கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேற கோடுங்க வந்திருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு இடத்துல." குரலைத் தாழ்த்தினாள். "தம்பி தனியா வரலைங்க."

"நீர் தண்ணீருக்குப் பயப்பிடுற ஒரு பயந்தாங்கொள்ளி."

"ஆமாங்க," என்றாள் டொரதி, கொஞ்சமும் கோபப்படாமல். "அதான் போறேன்."

அவள் போனதும் அவர் ஒரு வேலை செய்தார். சேலைன் ஏற்றுகிற குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயிலும் மறுமுனையைக் கருவியிலும் பொருத்தினார். இனித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாய்க்காலுக்குள் வந்து வெளியே போகும். தண்ணீர் போய்விடும், அதில் கரைந்து வந்தது மட்டும் மின்புலத்தில் பிடிபட்டு நிற்கும். ஆறு எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? ஆற்றை முழுக்க ஒரு மயிரிழைக்குள்ளால் விட்டு வடிப்பதற்கு அவரிடம் நேரம் இருந்தது. நாற்பத்து மூன்று நாளாக அவன் எங்கும் சிதறிக் கிடந்தான். ஓரிடத்தில் சேரட்டும். முழுதாகச் சேரட்டும்.

கொழும்பில் இருக்கிறான் என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. கமலாசனியும் கேட்கவில்லை. அவள் இரண்டு தரம் படியேறி வந்து, கதவடியில் நின்று, ரீங்காரத்தைக் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். மூன்றாம் தரம் வந்தபோது, "அவனோ?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஓமென்று தலையை ஆட்டினார். அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அங்கேயே நிலத்தில் இருந்தாள்.

*

வியாழக்கிழமை ஊரடங்கு. பட்டப்பகல்.

அவ்வளவு அமைதியான பகலைக் கண்டி அதற்கு முன் கண்டதில்லை. நாய் குரைக்கவில்லை. காகங்கள்கூடச் சட்டத்துக்குப் பயந்து மரத்தைவிட்டு அசையவில்லை. காலை பத்து மணிக்கு ஹந்தானை மலைப் பக்கமிருந்து இறங்கிய பனிப்புகார் கூரைகளைத் தின்று, மதிலைத் தின்று, மூங்கிலைத் தின்று, ஆற்றோடு ஆறாகப் படுத்துக்கொண்டது. நேரம் மூன்று மணியா ஆறு மணியா என்று தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சம். அதில் கேட்டவை இரண்டே சத்தங்கள்: மின்பெட்டியின் ரீங்காரம், குழாயின் சொட்டு. அறையில் ஒரு மணம் வந்திருந்தது. சேறும், அழுகின இலையும், நெடுநாள் நனைந்த துணியும் சேர்ந்த மணம். நவரட்ணராஜா யன்னலைச் சாத்தினார். மணம் குறையவில்லை. அது வெளியிலிருந்து வரவில்லை.

அவர் குனிந்து பார்த்தார்.

வாய்க்கால் முழுக்கக் கோடுகள். தடித்தவை, மெலிந்தவை, ஒன்றையொன்று முட்டாமல், ஒவ்வொன்றும் தன்தன் இடத்தில். எண்ணத் தொடங்கினார். முப்பதுக்கு மேல் கண் கலங்கியது. நடுவில் அந்த இரட்டைக் கோடு, மைபோல் கறுத்து.

கழுத்து நோக நிமிர்ந்தார். யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

தெருவில் ஒருவன் நின்றான்.

ஊரடங்கு நேரத்தில் தெருவில் நிற்கும் விசரன் எவன்? ஆள் அசையவில்லை. பனிப்புகாரில் ஒரு கறைபோல் நின்றான். அவனுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, இன்னொருவன். அப்புறம் இருவர் நெருக்கமாக. அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. அப்புறம் மூங்கிலடி வரை, கரை வரை, புகார் விலக விலக, ஆட்கள். எல்லோரும் வீட்டைப் பார்த்தபடி. அநேகர் கைகளைத் தொங்கவிட்டபடி.

அவர் வில்லையில் பார்த்தார். ஒரு கோடு. தள்ளி இன்னொன்று. அப்புறம் இரண்டு நெருக்கமாக. அப்புறம் ஒரு பெரிய இடைவெளி.

யன்னல். அதே இடைவெளி.

வில்லை.

யன்னல்.

கை குமிழுக்குப் போனது. குறைத்தார். ரீங்காரம் தாழ்ந்தது. தெருவில் நின்றவர்களின் ஓரம் மங்கியது. தோள்கள் கரைந்தன. முகங்கள் பால் சிந்தியது போல் பரவத் தொடங்கின.

"குறைக்காதேங்கோ!"

கமலாசனி. எப்போது படியேறி வந்தாள் என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் நின்று யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, அவன் கரையிறான். கூட்டுங்கோ. கூட்டுங்கோ!"

"கமலம், அது அவன் மட்டுமில்லை. பாரும், அது..."

"எனக்குத் தெரியும். கூட்டுங்கோ."

கூட்டினால் கோடுகள் மெலிந்து கறுக்கும், அவ்வளவுதான். இடம் மாறாது. இடம் மாற முடியாது. முப்பது வருடமாக அவர் அறிந்த விதி அது. அவர் கூட்டினார்.

உருவங்கள் இறுகின. ஓரம் வந்தது. முகம் வந்தது. காதிலிருந்து தண்ணீர் வடிவது தெரிந்தது.

எல்லோரும் ஓர் அடி முன்னால் வைத்தார்கள்.

சத்தமில்லை. அவ்வளவு பேர், அவ்வளவு ஈரம், சத்தமே இல்லை. முதலாவது ஆள் இப்போது கேற்றுக்கு உள்ளே நின்றான். கேற் பூட்டியபடியே இருந்தது.

"தம்பி," என்றாள் கமலாசனி. "அங்கை. எங்கடை தம்பி."

அவரும் கண்டார். வரிசையின் நடுவில். போன அன்று போட்டிருந்த அதே கோடு போட்ட சேட். நெற்றியில் ஒட்டிய மயிர். மற்றவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக நின்றார்கள்.

அவன் மட்டும் இருவராக.

பக்கத்தில் பக்கத்தில். ஒரே முகம். ஒரே சேட். ஒரே பக்கம் சாய்ந்த கழுத்து. ஒருவன் மற்றவனைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நவரட்ணராஜாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. "கதவைத் திறக்காதையும்," என்றார். சொன்னாரா, நினைத்தாரா தெரியவில்லை. கமலாசனி போய்விட்டாள். படியில் அவள் கால். கீழே அலுமாரி திறக்கிற சத்தம். அப்புறம் தாழ்ப்பாள்.

பாதி வரை குறைத்தால் போதும். எல்லோரும் கரைந்து போவார்கள். ஆற்றோடு போவார்கள். அவனும் போவான். எங்கும் பரவி, எங்கும் இல்லாமல், இனிச் சேர்க்க முடியாமல்.

விரல்கள் குமிழில் இருந்தன. குறைக்கவில்லை.

கீழே ஈரக் கால் ஒன்று சீமெந்தில் வைபட்டது. அப்புறம் ஒன்று. நடப்பது அல்ல. வந்த இடத்தில் நிற்பது. இன்னொன்று வந்து இன்னோர் இடத்தில் நிற்பது. முன்விறாந்தையில் ஒன்று. சாப்பாட்டு மேசையடியில் ஒன்று. கமலாசனியின் குரல், சன்னமாக, பிள்ளைகளை நித்திரையால் எழுப்பும் குரல்.

அவர் கதவடிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

படியின் அடியில் அவள் துவாயோடு நின்றாள். அவளுக்கு முன்னால் யாரோ பெற்ற ஒரு பிள்ளை, முழங்கைகள் கம்பியால் பின்னே கட்டப்பட்டபடி, கண்ணைத் திறந்தபடி நின்றான். அவள் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "ஈரத்தோடை நிண்டால் தடிமன் பிடிக்கும், அப்பன்," என்றாள். அவனை விட்டு அடுத்தவனிடம் போனாள். இவனுக்கு முகம் இருக்கவில்லை. முகம் இருந்த இடத்தை அவள் துடைத்தாள். மண்டபம் நிறைய, கதிரைகளுக்கு இடையில், ஒவ்வொருவரும் தன்தன் இடத்தில். படியிலும் மூன்று பேர். மேலே இருந்த ஆள் அவருக்கு ஒரு கை தூரத்தில்.

கமலாசனி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

"இஞ்சருங்கோ, அவன் இன்னும் வாசலுக்கு வரேல்லை. கேற்றடியிலை நிக்கிறான், ரெண்டு பேரும். இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ."

அவர் பின்னால் நடந்து மேசைக்குப் போனார். படியில் நின்றவனிடமிருந்து கண்ணை எடுக்காமல் போனார். குமிழைத் தொட்டார். அது ஈரமாக இருந்தது.

திருப்பினார்.

வீடு நிறைய நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னால் வைத்தார்கள்.